காவல் நிற்கையில் கற்ற இலக்கணம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வில்லியம் காபெட் 1784இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் 54ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்தபோது இருபது வயதை ஒட்டிய இளைஞர். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஃபார்னம் என்ற ஊரில் ஏர் பிடித்து வளர்ந்த பிள்ளை. படையில் நாள் சம்பளம் ஆறு பென்ஸ். கையெழுத்து அழகாக இருந்ததால் சாத்தம் முகாமின் தளபதிக்குக் கடிதங்களைப் படியெடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. எழுத்து முத்துமுத்தாக விழுந்தது. வாக்கியம்தான் தடுக்கி விழுந்தது. இலக்கணம் படி என்றார் தளபதி. ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் 1762இல் வெளியிட்ட இலக்கண நூலை காபெட் தேடி வாங்கினார். அது முழுவதும் பிடிபட நாளாயிற்று. ஆனாலும் விடவில்லை. புத்தகத்தைக் கையால் இரண்டு மூன்று முறை எழுதினார். மனப்பாடம் செய்தார். காலையிலும் மாலையிலும் ஒப்பித்தார். காவலுக்கு நிறுத்தப்படும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கடைசிவரை ஒருதடவை சொல்லி முடிப்பது என்று தனக்குத் தானே விதி வைத்துக்கொண்டார்.

அதே சிப்பாய், பின்னாளில் அரசாங்கத்துக்கு வேண்டாத பத்திரிகையாளராகி, அமெரிக்காவுக்குத் தப்பிப் போய், 1818இல் தானே ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். மகன் ஜேம்ஸுக்கு எழுதும் கடிதங்களாக அமைந்த நூல் அது. யாருக்காக எழுதியது என்பதைத் தலைப்புப் பக்கத்திலேயே சொல்லிவிட்டார்: சிப்பாய்கள், மாலுமிகள், தொழில் பழகும் பையன்கள், ஏர் பிடிப்பவர்கள். தப்பான வாக்கியத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் அவர் ஏழைகளின் பேச்சைத் தேடிப் போகவில்லை. அகராதி எழுதிய டாக்டர் ஜான்சனின் கட்டுரைகளில் பிழை பிடித்தார். பின்னர் வந்த பதிப்பில் அமைச்சர்களின் எழுத்தையும் மன்னரின் உரையையும் அறுத்துப் பார்த்து ஆறு பாடங்கள் சேர்த்தார். இலக்கணம் என்பது படித்தவன் படிக்காதவனை மட்டம் தட்டும் கருவி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கருவியைப் பறித்துத் திருப்பிப் பிடித்தார்.

காபெட்டுக்கு ஆங்கிலம் தாய்மொழியாயிற்றே என்று கேட்கலாம். பேச்சு தாய்மொழி, எழுத்து அவருக்கு அயல்மொழி. அமெரிக்காவில் மால்கம் எக்ஸின் நிலையும் அதுதான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தெருப் பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1940களின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்ஃபோக் சிறையில் இருந்தபோது, நேஷன் ஆஃப் இஸ்லாம் தலைவர் எலைஜா முகம்மதுவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மனதில் இருப்பதற்குச் சொல் அகப்படவில்லை. சிறைப் பள்ளியில் ஓர் அகராதியும் நோட்டுகளும் பென்சில்களும் கேட்டு வாங்கினார். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு நாள் சும்மா புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு முதல் பக்கத்தைக் காற்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட அப்படியே படியெடுத்தார். அதற்கே ஒரு நாள் ஆயிற்று. எழுதியதை உரக்கப் படித்தார். மறுநாள் அடுத்த பக்கம். கடைசியில் அகராதி முழுவதையும் எழுதி முடித்ததாக 1965இல் வெளிவந்த தன்வரலாற்றில் சொல்கிறார்.

அகராதியைப் படியெடுப்பது நல்ல வழியா என்றால், இல்லை. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் ‘ஏ’ எழுத்தைத் தாண்ட மாட்டார்கள். மால்கம் எக்ஸ் அதோடு நிற்கவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சிறை நூலகத்தைக் கரைத்துக் குடித்தார். விளக்கணைத்த பிறகும் தாழ்வாரத்து வெளிச்சத்தில் படித்தார். சிறைக்குள் நடந்த விவாத மேடைகளில் பேசினார். கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். சொல்லைச் சேர்த்த கையோடு அதைச் செலவழிக்கவும் இடம் இருந்தது.

வயது வந்த பிறகு ஆங்கிலம் கற்கும் நம் கதைக்கு நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் இன்னும் நெருங்கியவர். இன்றைய உக்ரைனில் உள்ள பெர்டிச்சிவில் 1857இல் போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சு நன்றாகத் தெரியும். 1878 ஜூனில் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் இறங்கியபோது வயது 20. ஆங்கிலத்தில் தெரிந்தவை சில சொற்கள். அங்கிருந்து நியூகாசிலுக்கு நிலக்கரி ஏற்றப் போய்வரும் சிறு கப்பலில் சேர்ந்தார். உடன் வேலை பார்த்த மாலுமிகளின் பேச்சும் கையில் கிடைத்த செய்தித்தாளும்தான் வாத்தியார். 1880இல் இரண்டாம் நிலைக் கப்பல் அதிகாரிக்கான தேர்வு, 1886இல் கப்பல் தலைவருக்கான சான்றிதழ், இரண்டும் ஆங்கிலத்தில். 1889இல் முதல் நாவலைத் தொடங்கினார். அது 1895இல் அச்சேறியபோது வயது 37. பேச்சில் மட்டும் அயல் உச்சரிப்பு கடைசிவரை கனமாகவே இருந்தது. நேரில் கேட்டவர்கள் சிலசமயம் திணறினார்கள்.

கான்ராடின் வாழ்க்கையில் இரண்டு கணக்குகள் தனித்தனியாகத் தீர்ந்திருக்கின்றன. உச்சரிப்பு ஒரு கணக்கு. இலக்கணமும் சொல்வளமும் இன்னொரு கணக்கு. நம்மூரில் இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதிவிடுகிறோம். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்ற ஒரே வரியில் இரண்டுக்கும் தீர்ப்பு சொல்லிவிடுகிறோம்.

மொழி கற்பதற்கு மூளையில் ஒரு பருவம் உண்டு, அது பூப்பெய்தும் வயதோடு மூடிக்கொள்ளும் என்ற கருத்தை 1967இல் எரிக் லென்னபெர்க் பரவலாக்கினார். பதினோரு ஆண்டு கழித்து, கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹூஃப்நாகல்-ஹோலும் நெதர்லாந்துக்குக் குடிவந்து டச்சு மொழி கற்ற, ஆங்கிலம் பேசுபவர்களைக் கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சின்னக் குழந்தைகள் முந்துவார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளும் வளர்ந்தவர்களும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் எல்லாச் சோதனையிலும் பின்தங்கினார்கள். நாள்போக்கில் குழந்தைகள் எட்டிப் பிடித்துவிடுவார்கள் என்பது உண்மை. ஆனால் தொடக்க ஓட்டத்தில் பெரியவர்களுக்கே முன்னிலை.

2018இல் சுமார் 6,70,000 பேர் இணையத்தில் எழுதிய இலக்கணத் தேர்வை வைத்து ஹார்ட்ஷார்ன், டெனன்பாம், பிங்கர் ஆகிய மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இலக்கணம் கற்கும் திறன் பதினேழரை வயதுவரை தளராமல் இருந்து பிறகுதான் சரிகிறது என்பது அவர்கள் முடிவு. பதினெட்டுக்குமேல் மொழியே வராது என்று சில தலைப்புச் செய்திகள் அதைத் திரித்தன. அந்த ஆய்வு பேசியது தாய்மொழிக்காரரைப் போலவே பிழையின்றி ஆவதைப் பற்றி. ஓர் அலுவலகக் கடிதத்தையோ மருத்துவக் குறிப்பையோ நேராக எழுதுவது அதைவிட எவ்வளவோ தாழ்ந்த படி. பின்னர் அதே தரவை மறுபடி அலசிய வேறு ஆய்வாளர்கள், எந்தச் சூழலில் கற்றார் என்பதைப் பொறுத்து அந்தச் சரிவின் வடிவமே மாறுகிறது என்று காட்டினார்கள்.

வளர்ந்தவர் தொடக்கத்தில் முந்துவதற்குக் காரணம் எளிது. அவரிடம் ஏற்கெனவே ஒரு மொழி முழுதாக இருக்கிறது. விளக்கம் சொன்னால் புரிகிறது. எழுதி வைத்துக்கொள்ளத் தெரிகிறது. குறைவாக இருப்பவை இரண்டு: நேரம், வெட்கத்தைத் தாங்கும் மனது.

நம்மூர் ஆங்கில வகுப்பு வளர்ந்தவரின் அந்த முதல் சொத்தை, முழுதாகக் கைவசம் இருக்கும் தமிழை, வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறது என்பதே இந்த உரையின் மையமான குற்றச்சாட்டு.

மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ நர்சிங் முடித்து ஐந்தாறு ஆண்டு வார்டில் வேலை பார்த்த ஒரு செவிலியரை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனுக்குப் போக வேண்டும். அங்குள்ள செவிலியர் பதிவு மன்றம் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 7 கேட்கிறது. எழுத்துக்கு மட்டும் 6.5 போதும் என்று 2018இல் தளர்த்திக்கொண்டது. மற்ற மூன்றில் தேறிவிட்டு எழுத்தில் நின்றுபோனவர்கள் அத்தனை பேர். இதற்கு மாற்றாக ஓ.இ.டி. என்ற மருத்துவத் துறைத் தேர்வையும் எழுதலாம். அதில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, 45 நிமிடத்தில் 180 முதல் 200 சொல்லுக்குள் இன்னொரு மருத்துவருக்கோ செவிலியருக்கோ கடிதம் எழுதச் சொல்வார்கள்.

நம் செவிலியர் எழுதுகிறார்: ‘பேஷன்ட் இஸ் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்.’

எழுத வேண்டியது: ‘த பேஷன்ட் ஹேஸ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்.’ வழக்கமான வகுப்பில் ஆசிரியர் சிவப்பு மையில் நான்கு வட்டம் போட்டு, ‘டென்ஸ் படி, ஆர்ட்டிகிள் படி, ப்ரெபொசிஷன் படி’ என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுப்பார். ஆனால் இந்த வாக்கியம் அறியாமையிலிருந்து வந்ததல்ல. ‘நோயாளிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் இருக்கிறது’ என்ற பழுதில்லாத தமிழ் வாக்கியம் அதன் அடியில் கிடக்கிறது. ‘இருக்கிறது’ நிகழ்காலம், அதனால் ‘இஸ்’ வந்தது. தமிழில் உடைமையைச் சொல்லத் தனி வினை கிடையாது, ‘எனக்கு இருக்கிறது’ என்றுதான் சொல்வோம். அதனால் ‘ஹேவிங்’ தடுமாறிச் சேர்ந்தது.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பத்தைப் பார்ப்போம். பள்ளியில் இதற்கு ‘பாயின்ட் ஆஃப் டைம்’, ‘பீரியட் ஆஃப் டைம்’ என்று விதி சொல்லிக் கொடுத்தார்கள். எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? தமிழ் பேசும் எவரும் ‘மூணு நாளா’ என்றும் ‘திங்கக்கிழமையிலேருந்து’ என்றும் தப்பாமல் பிரித்துப் பேசுகிறார். ‘திங்கக்கிழமையா காய்ச்சல்’ என்று ஐந்து வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’, ‘இலிருந்து’ வந்தால் ‘சின்ஸ்’. பாடம் அவ்வளவுதான். அந்த வேறுபாட்டைச் செவிலியர் பிறந்த வீட்டிலேயே கற்றுவிட்டார். அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

ஆர்ட்டிகிளும் இதே கதைதான். ‘த’ ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் சொல். தமிழில் அதற்கு ஈடு இல்லை என்று கைவிரித்துவிடுகிறோம். ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் கேட்பவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். ஆங்கிலம் ‘த’ போட்டுக் காட்டுவதைத் தமிழ், செயப்படுபொருளாக வரும் அஃறிணைப் பெயர்களிலாவது, இரண்டாம் வேற்றுமை உருபால் காட்டிவிடுகிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாதுதான். எழுவாய்க்கு உதவாது, ‘த சன்’, ‘த யு.கே.’ போன்றவற்றை உருவிட்டே ஆக வேண்டும். ஆனால் கேட்பவருக்குத் தெரிந்த பொருள், தெரியாத பொருள் என்ற எண்ணமே தமிழருக்குப் புதிது என்று தொடங்கும் வகுப்பைவிட, ‘ஐ’ உருபில் தொடங்கும் வகுப்பு பாதி தூரம் முன்னால் நிற்கும்.

செயப்பாட்டுவினையையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘ராமன் மாம்பழம் தின்றான்’ என்பதை ‘மாம்பழம் ராமனால் தின்னப்பட்டது’ என்று மாற்றும் பயிற்சியைச் செய்யாமல் தமிழ்நாட்டில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. எந்த ராமனும் எந்த மொழியிலும் அப்படிப் பேசியதில்லை. மருத்துவக் கடிதத்துக்கோ செயப்பாட்டுவினை உண்மையிலேயே வேண்டும்: சேர்க்கப்பட்டார், ஊசி போடப்பட்டது, இரத்தம் எடுக்கப்பட்டது. வார்டில் இதைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? ‘நேத்து ராத்திரி அட்மிட் பண்ணாங்க, ஊசி போட்டாங்க, பிளட் எடுத்தாங்க.’ யார் என்று சொல்லாத அந்த ‘ஆங்க’தான் ஆங்கிலச் செயப்பாட்டுவினையின் வேலையைப் பேச்சுத் தமிழில் செய்கிறது. ‘கரண்ட்டை கட் பண்ணிட்டாங்க’ என்பதில் மின்வாரிய ஊழியரின் பெயரை யாரும் கேட்பதில்லை. யார் செய்தார் என்பது முக்கியமில்லாத இடத்தில் இந்த வடிவம் வரும் என்று புரிந்துகொண்டவருக்கு மாம்பழப் பயிற்சி தேவைப்படாது.

தமிழ் உதவாத இடங்களும் இருக்கின்றன. முக்கியமானது வாக்கிய வரிசை. தமிழ் வினையைக் கடைசிவரை கையில் வைத்திருக்கும். ஆங்கிலம் எழுவாய் முடிந்த உடனே கேட்கும். பேசும்போது நம்மவர் எழுவாயைச் சொல்லிவிட்டு ஒரு கணம் மேலே பார்ப்பது இதனால்தான். சொல் தெரியாததால் அல்ல. ‘நேற்று இரவு சேர்த்த, சர்க்கரை நோய் உள்ள, அறுபது வயது நோயாளி’ என்று தமிழில் அடைமொழிகளைப் பெயருக்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம். ஆங்கிலம் அவற்றில் நீளமானதைப் பெயருக்குப் பின்னால் தள்ளிவிடும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. எழுதி எழுதித்தான் பழக வேண்டும்.

இந்தியாவில் இரண்டு மூன்று தலைமுறைக்கு இலக்கணம் என்றால் ரென் அண்ட் மார்ட்டின். அந்த ரென், ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை 1924இல் எழுதிய பி. சி. ரென்னேதான், இந்தியக் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். 1930களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக வந்த நூல் அது. வாக்கியம் என்றால் என்ன, சொல் வகை எத்தனை என்று வரையறையில் தொடங்கும். நல்ல நூல்தான், நாற்பது வயதுக்காரருக்கு எழுதியதல்ல. 1985இல் வந்த ரேமண்ட் மர்ஃபியின் நீல அட்டைப் புத்தகம் வேறு மாதிரி: இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, வேண்டிய பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வேலையிலிருந்து திரும்பி அரை மணி நேரம் படிப்பவருக்கு ஏற்றது. குறை ஒன்றுதான். உலகம் முழுவதற்குமான நூல் என்பதால் எந்த நாட்டவர் எங்கே தடுக்குவார் என்பது அதற்குத் தெரியாது. தமிழருக்குத் தேவையில்லாத பக்கங்கள் ஏராளம். தேவையானவை ஓரிரண்டு பக்கத்தில் முடிந்துவிடும்.

இலக்கணத்தை விளக்காமலே கற்பிக்கலாம் என்ற சோதனையும் நம் பக்கத்தில் நடந்திருக்கிறது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பள்ளிகள் சிலவற்றில் ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, கணக்குப் புதிர் போலத் தீர்க்க வைத்து ஆங்கிலம் கற்பித்தார். கவனம் பொருளில் இருக்கும்போதுதான் மொழியின் வடிவம் உள்ளே இறங்கும் என்பது அவர் வாதம். மொழியியல் வகுப்புகளில் உலகெங்கும் இன்றும் பெங்களூர்த் திட்டம் என்று அது பேசப்படுகிறது. நம் ஸ்போக்கன் இங்கிலீஷ் நிலையங்களில் அதன் பெயரைக் கேட்டவர் அரிது. செவிலியருக்கு இதிலிருந்து கிடைப்பது எளிய யோசனை: பயிற்சிப் புத்தகத்து வாக்கியத்தை விட்டுவிட்டு, தன் வார்டில் நேற்று நடந்ததை எழுது.

இனி சொல்.

1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர் மைக்கேல் வெஸ்ட். வங்காளப் பிள்ளைகளின் ஆங்கில வாசகங்களைப் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொரு பக்கத்திலும் புதுச் சொற்கள் குவிந்து கிடந்தன. அரிய சொற்கள், அதுவும் ஒருமுறை தலைகாட்டிவிட்டு மறைந்துபோகிறவை. பாதியில் படிப்பை நிறுத்தும் பிள்ளையின் கையில் எதுவும் மிஞ்சவில்லை. அரிய சொல்லை எடுத்துவிட்டு அடிக்கடி வரும் சொல்லைப் போட்டு, புதுச் சொற்களைப் பரவலாகத் தூவி, வந்த சொல் திரும்பத் திரும்ப வரும்படி வாசகங்களை மாற்றி எழுதினார். 1935இல் அவர் வெளியிட்ட அகராதி 24,000 உருப்படிகளை வெறும் 1,490 சொற்களைக்கொண்டே விளக்கியது. 1953இல் சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுச்சொல் பட்டியல் வந்தது. இன்று ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகள் எளிய சொற்களுக்குள்ளேயே பொருள் சொல்கின்றன என்றால் அதற்கு வித்து விழுந்தது டாக்காவில்.

அந்த 2,000 சொல் தெரிந்தவருக்கு ஒரு சாதாரண ஆங்கிலப் பக்கத்தில் சுமார் 80 விழுக்காடு தெரியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஐந்து சொல்லுக்கு ஒன்று தெரியாது என்பதும் இதே கணக்குதான். அதாவது வரிக்கு இரண்டு இடத்தில் கால் இடறும்; அப்படி எதையும் படிக்க முடியாது. நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்குப்படி, நாவலையோ செய்தித்தாளையோ துணையின்றிப் படிக்க 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று மட்டும் புதிது. அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும். பேச்சைப் புரிந்துகொள்ள ஆறாயிரம், ஏழாயிரம் போதும். ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ என்ற அட்டைக்கும் இந்தக் கணக்குக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் பல பேரின் நம்பிக்கை விழுந்து கிடக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு ராப்பிடெக்ஸ் என்ற ஆங்கிலப் பாடப் புத்தகத்துக்கு விளம்பரத்தில் கபில்தேவ் வந்தார். வாங்கியவர்களில் பலர் முதல் இருபது பக்கத்தை மட்டும் அழுக்காக்கினார்கள்.

போட்டித் தேர்வுச் சந்தையில் விற்கும் சொற்பட்டியல்கள் இன்னொரு தொல்லை. ‘கர்ருலஸ், லொக்வேஷஸ், வெர்போஸ்’ என்று ஓயாமல் பேசுபவனுக்கு மூன்று பெயரை ஒரே வரியில் அடுக்குவார்கள். ஒரே பொருள்வட்டத்தைச் சேர்ந்த புதுச் சொற்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பி, தனித்தனியாகப் படிப்பதைவிடத் தாமதமாகத்தான் மனதில் தங்கும் என்று தாமஸ் டிங்கம் 1993லேயே சோதித்துக் காட்டிவிட்டார். நம் நிகண்டுகள் இப்படித்தானே அடுக்கின என்று ஒரு கேள்வி எழும். திவாகரமும் சூடாமணி நிகண்டும் தமிழ் ஏற்கெனவே தெரிந்தவர் செய்யுளுக்காக மனனம் செய்தவை. புதிதாக மொழிக்குள் வருபவரின் தேவை வேறு. வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து முப்பது வயது வாக்கில் இங்கு வந்து தமிழ் கற்றவர். நிகண்டுகளை நன்கு பயன்படுத்தியவர். 1732இல் அவர் செய்த சதுரகராதி சொற்களை அகர வரிசைக்குக் கொண்டுவந்தது. வயது வந்த பிறகு கற்றவரின் கைவேலை அதில் தெரிகிறது என்று சொன்னால் மிகையாகாது.

மறதிக்கு மருந்தாக ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் சொன்ன அட்டைப்பெட்டி முறை இன்னும் பழசாகவில்லை. ஒரு பெட்டி, அதில் ஐந்து தடுப்பு. புது அட்டைகள் முதல் தடுப்பில். பொருளைச் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும்; தப்பினால் எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதலுக்கே திரும்பும். முதல் தடுப்பைத் தினமும், கடைசித் தடுப்பை எப்போதாவது பார்த்தால் போதும். கைபேசிச் செயலிகள் இன்று இதையே செய்கின்றன. அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் விஷயம். ஒருபக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதினால் ‘ஈட் டேப்லெட்’ என்றுதான் முடியும், ஏனென்றால் தமிழில் மாத்திரை சாப்பிடுகிறோம். ‘டேக்’ என்ற வினையோடு சேர்த்து, எங்கே கண்டோமோ அந்த வாக்கியத்தையே எழுத வேண்டும். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் தொகுத்து 1942இல் அங்கே வெளியான அகராதி, பின்பு 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகி உலகம் சுற்றியது. எந்த வினை எந்த அமைப்பில் வரும், எந்தப் பெயர் எண்ணத்தக்கது என்பதையெல்லாம் குறித்துக் காட்டியதுதான் அதன் பெருமை. ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘அட்வைசஸ்’, ‘டிஸ்கஸ் அபவுட்’ ஆகிய மூன்றையும் அந்த அகராதியின் மூன்று சின்னக் குறியீடுகள் தடுத்திருக்கும். நம் வீடுகளில் இருப்பவையோ பொருள் மட்டும் சொல்லும் ஆங்கிலம்–தமிழ் அகராதிகள்.

தமிழ் பேசுபவர் சொல்லில் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை என்பதும் உண்மை. அட்ஜஸ்ட், லேட், டென்ஷன், சிக்னல் என்று நூற்றுக்கணக்கில் நாக்கில் இருக்கின்றன. ஆனால் பொருள் இங்கே வந்து குடியேறி மாறிப்போனவற்றில் எச்சரிக்கை வேண்டும். ‘ஃபீல் பண்றேன்’ என்றால் இங்கே வருத்தம். ‘2015இல் பாஸ் அவுட் ஆனேன்’ என்று லண்டன் நேர்காணலில் சொன்னால், அந்த ஆண்டு மயங்கி விழுந்தீர்களா என்று கேட்பவர் நினைக்கக்கூடும். ‘ப்ரீபோன்’ போன்ற சில சொற்கள் இந்தியாவில் பெருவழக்காகி ஆங்கில அகராதிக்கே ஏறிவிட்டன. அவற்றுக்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், தமிழ் பேசும் வளர்ந்தவருக்கென்று ஒரு சிறிய ஆங்கில இலக்கணம் எழுத முடியும். நூறு பக்கம் தாண்ட வேண்டாம். மொழியியல் படித்த ஒருவரும், செவிலியர்களுக்கோ ஓட்டுநர்களுக்கோ பல ஆண்டு வகுப்பெடுத்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஆகக்கூடிய வேலை. பிழை திருத்தும் வரிசையும் அதில் வேண்டும்: வினையின் காலமும் வாக்கிய வரிசையும் முதலில், ஆர்ட்டிகிள் கடைசியில்; ஏனென்றால் ஆர்ட்டிகிள் தப்பினாலும் பொருள் பெரும்பாலும் கெடாது, காலம் தப்பினால் மருந்துக் குறிப்பே மாறிவிடும். மாம்பழம் தின்னும் ராமனை விட்டுவிடலாம். ‘அப்துல் கலாம் இந்தியாவின் எத்தனையாவது குடியரசுத் தலைவர்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்ற, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளின் செல்லப் புதிரையும் விட்டுவிடலாம். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய வேலை எந்த வார்டிலும் எந்த அலுவலகத்திலும் வருவதில்லை. முதல் பாடம் ‘மூணு நாளா’, ‘திங்கக்கிழமையிலேருந்து’ ஆகிய இரண்டு தொடர்களில் தொடங்கட்டும். அவற்றைப் பலகையில் எழுதிவிட்டால், ஆசிரியர் அன்று அதிகம் பேச வேண்டியிருக்காது.